தள்ளுபடி பெறுவோரும் விதி எழுதுவோரும்

2025 மே 1ஆம் நாள், சித்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு வங்கி இல்லாமற்போயிற்று. சித்தூர், கிருஷ்ணா ஆகிய இரு மாவட்டங்களின் கிராமிய வங்கிகளை இணைத்து 2006இல் உருவாக்கப்பட்டது சப்தகிரி கிராமீண வங்கி. அது மாநிலத்தின் மற்ற மூன்று கிராமிய வங்கிகளோடு சேர்க்கப்பட்டு, ஆந்திரப் பிரதேச கிராமீண வங்கி என்னும் ஒரே நிறுவனமாயிற்று. புரவலராக இருந்த இந்தியன் வங்கியின் இடத்துக்கு யூனியன் வங்கி வந்தது. தலைமை அலுவலகம் நானூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள அமராவதிக்குரியதாயிற்று. ‘ஒரு மாநிலம், ஒரு கிராமிய வங்கி’ என்னும் கொள்கையின்படி நாடு முழுவதும் 26 வங்கிகள் அன்று இணைக்கப்பட்டன. 43 ஆக இருந்த எண்ணிக்கை 28 ஆகக் குறைந்தது.

இணைப்பு நல்லதா தீயதா என்பது தனி விவாதம். செலவு குறையும், தொழில்நுட்பம் மேம்படும், மூலதனம் வலுப்பெறும் என்போரிடம் காரணங்கள் உண்டு. இங்கே எழும் கேள்வி வேறு: இம்முடிவுக்கு முன் எவரைக் கேட்டார்கள்? விடை சட்டத்திலேயே இருக்கிறது. 1976ஆம் ஆண்டின் மண்டல கிராமிய வங்கிகள் சட்டத்தின் 23ஏ பிரிவின்படி, வங்கிகளை இணைப்பதற்கு முன் மத்திய அரசு கலந்தாலோசிக்க வேண்டியவர்கள் மூவர்: நபார்டு, மாநில அரசு, புரவலர் வங்கி. கிராமிய வங்கியின் பங்குகளில் 50 விழுக்காடு மத்திய அரசுடையது, 15 விழுக்காடு மாநில அரசுடையது, 35 விழுக்காடு புரவலர் வங்கியுடையது. ஆக, உரிமையாளர் மற்ற உரிமையாளர்களைக் கேட்கிறார். அவர்களோடு மேற்பார்வையாளரையும் கேட்கிறார். சேமிப்பு வைத்தவரும் கடன் வாங்கியவரும் அப்பட்டியலில் இல்லை. அவர்களை யாரும் மறந்துவிடவில்லை. அவர்களுக்கு அங்கே ஒருபோதும் இடம் ஒதுக்கப்படவில்லை. வங்கி பணிபுரியும் ‘பகுதியின் வளர்ச்சி’ இணைப்புக்குரிய காரணங்களுள் ஒன்று என அதே பிரிவு சொல்கிறது. பகுதியின் பெயரால் முடிவு எடுக்கப்படலாம். ஆனால் பகுதியைக் கேட்க வேண்டியதில்லை.

இதற்கு எளிதாகச் சொல்லப்படும் விளக்கம் ஒன்று உண்டு: பின்தங்கிய மாவட்டம், அரசியல் வலிமையற்ற மக்கள். சித்தூரைப் பொறுத்தவரை இவ்விளக்கம் நிற்காது. திருப்பதியை அடுத்த நாராவாரிப்பள்ளியில் பிறந்து, 1989 முதல் குப்பம் தொகுதியின் உறுப்பினராக இருப்பவர் நா. சந்திரபாபு நாயுடு. 2010 நவம்பர் முதல் 2014 வரை ஒன்றுபட்ட ஆந்திரத்தின் முதலமைச்சராக இருந்த கிரண்குமார் ரெட்டியும் இதே மாவட்டத்தின் பீலேரு தொகுதியைச் சேர்ந்தவர். இரண்டு முதலமைச்சர்களைத் தந்த மண் இது. 2022இல் சித்தூர், திருப்பதி, அன்னமய்யா என மாவட்டம் பிரிக்கப்பட்ட பின்னும் மாநில அரசியலில் இதன் எடை குறையவில்லை. இத்தனை எடை இருந்தும், வங்கி விதிகளில் இந்த மண்ணின் கடனாளிக்கு ஒரு சொல் அளவுக்கும் இடம் கிடைக்கவில்லை என்றால், அரசியல் வலிமையும் ஒழுங்குமுறைச் செல்வாக்கும் இருவேறு பொருள்கள் என்றே முடிவு செய்ய வேண்டும். ஒன்றைப் பெறும் வழியில் மற்றொன்றைப் பெற இயலாது. வாக்கு தள்ளுபடியைப் பெற்றுத் தரும். விதியைப் பெற்றுத் தராது.

கல்வியுலகம் இதற்கு இரண்டு கோட்பாடுகளைக் கையில் வைத்திருக்கிறது. ஒழுங்குபடுத்தப்படும் தொழில்துறையே தன் தேவைக்கேற்ப ஒழுங்குமுறையைப் பெற்றுக்கொள்கிறது என்று ஜார்ஜ் ஸ்டிக்லர் 1971இல் எழுதினார். நலன்கள் செறிந்த சிறு குழு எளிதில் ஒன்றுதிரளும், நலன்கள் சிதறிய பெருங்கூட்டம் திரளாது என்பது அதற்கு முன்பே, 1965இல், மான்சர் ஆல்சன் வைத்த வாதம். திருப்பதியிலேயே இரண்டாவதற்குச் சான்று இருக்கிறது. திருமலை திருப்பதி தேவஸ்தானம் 2022இல் வெளியிட்ட கணக்கின்படி, வங்கிகளில் அதன் வைப்புத்தொகை 15,900 கோடி ரூபாய்க்கு மேல். வைப்பிலுள்ள தங்கம் 10 டன்னுக்கு மேல். இத்தகைய வைப்பாளரின் வாசலில் வங்கிகள் காத்து நிற்கும். அதே ஊரில் பூக்கட்டி விற்கும் பெண்ணின் ஐந்நூறு ரூபாய்ச் சேமிப்புக்காக எவரும் காத்து நிற்பதில்லை.

ஆயினும் இக்கோட்பாடுகள் பாதி வழியே வருகின்றன. கையூட்டும் மிரட்டலும் இல்லாமல், நல்லெண்ணம் கொண்டவர்கள் கூடியிருக்கும் அறையிலும் ஒரு தரப்பின் விருப்பமே விதியாகிவிடுவது எப்படி? ஆந்திரத்தின் நுண்கடன் வரலாறு இதற்குத் தெளிவான விடை தருகிறது. செல்வாக்கு நான்கு இடங்களில் விளைகிறது: வரையறை, தரவு, இருக்கை, காலம்.

முதலாவது வரையறை. 2000ஆம் ஆண்டில் இரண்டு நிகழ்வுகள் ஏறத்தாழ ஒரே வேளையில் நடந்தன. உலக வங்கியின் கடனுதவியோடு ‘வெலுகு’ என அழைக்கப்பட்ட வறுமை ஒழிப்புத் திட்டம் ஆந்திரத்தின் ஆறு வறிய மாவட்டங்களில் தொடங்கிற்று. சித்தூர் அவற்றுள் ஒன்று. துவாக்ரா காலத்திலிருந்து இயங்கிய மகளிர் குழுக்கள் கிராம சங்கமாகவும், மண்டல சமாக்கியாவாகவும், ஜில்லா சமாக்கியாவாகவும் கட்டப்பட்டன. அதே ஆண்டு பிப்ரவரியில், நுண்கடன் நிறுவனங்களுக்கு வங்கிகள் கொடுக்கும் கடனையும் முன்னுரிமைத் துறைக் கடனாகக் கணக்கிடலாம் என ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டது. முதல் நிகழ்வுக்கு ஆயிரக்கணக்கான ஊழியர்களும் பல ஆண்டுப் பயணமும் தேவைப்பட்டன. இரண்டாவதற்குச் சில வரிகள் போதுமாயின. ஆனால் பணம் பாயும் திசையை மாற்றியதில் அவ்வரிகளின் பங்கு பெரிது. தம் கடனில் 40 விழுக்காட்டை முன்னுரிமைத் துறைக்குத் தர வேண்டிய வங்கிகள், பலமநேரி கிராமத்துக்குக் கிளை மேலாளரை அனுப்பத் தேவையில்லாமற்போயிற்று. ஐதராபாத்தில் ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாகக் கடன் கொடுத்தால் இலக்கு நிறைவேறிற்று. அந்த நிறுவனம் அதே பணத்தைப் பலமநேரிக்குக் கொண்டுசென்று வேறு விலைக்கு விற்றது.

எது ‘ஏழைக்குக் கொடுத்த கடன்’ என்னும் பெயரைப் பெறுகிறது என்பதைத் தீர்மானிப்பவரே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறார். பின்வந்த ஆண்டுகளிலும் போர் வரையறையின்மேல்தான் நடந்தது. 2011 டிசம்பரில் நுண்கடன் பெறத்தக்க கிராமக் குடும்பத்தின் ஆண்டு வருமான உச்சவரம்பு 60,000 ரூபாய். 2015இல் அது 1,00,000 ஆயிற்று, 2019இல் 1,25,000, 2022இல் கிராமமும் நகரமும் ஒன்றாக்கப்பட்டு 3,00,000. விலைவாசி உயர்வு ஒரு பகுதியை விளக்கும். பதினோராண்டில் ஐந்து மடங்கு என்பதை விலைவாசி மட்டும் விளக்காது. சந்தை விரிவடைய வேண்டும் என்னும் தேவை, ‘ஏழை’ என்னும் சொல்லின் பொருளையே விரித்தது.

இரண்டாவது தரவு. 2006இல் கிருஷ்ணா மாவட்டத்தில் முதல் நெருக்கடி வெடித்தது. வட்டியும் வசூல் முறையும் குறித்த புகார்களின் பேரில் இரு பெரிய நுண்கடன் நிறுவனங்களின் ஐம்பது கிளைகளை மாவட்ட நிருவாகம் மூடியது. எச்சரிக்கை மணி அப்போதே அடித்துவிட்டது. அதன் விளைவு தன்னார்வ நடத்தை நெறி. அதாவது, ஒழுங்குபடுத்தப்பட வேண்டியோர் தமக்குத் தாமே எழுதிக்கொண்ட உறுதிமொழி. நான்கு ஆண்டுகள் கழித்து, 2010இல், கடனாளிகளின் தற்கொலைச் செய்திகள் மாநிலம் முழுவதிலிருந்தும் வந்தன. அவற்றை மாநில அரசின் கிராம வறுமை ஒழிப்புச் சங்கம் பட்டியலாகத் தொகுத்தது. தற்கொலைக்கும் கடனுக்கும் நேரடித் தொடர்பு நிறுவப்படவில்லை என்று தொழில்துறை மறுத்தது. இரு தரப்பின் கையிலும் தரவு இருந்தது. இறந்தவரின் குடும்பத்துக்கு மட்டும் தரவு ஏதுமில்லை. அவர்களே தரவாக இருந்தார்கள்.

இந்த இடத்தில் மாநில அரசைக் கடனாளியின் காவலனாகச் சித்திரிக்கும் கதையையும் மறுக்க வேண்டும். மகளிர் குழு–வங்கி இணைப்பு மாநில அரசின் பெருந்திட்டம். ‘பாவலா வட்டி’ என்னும் 3 விழுக்காடு வட்டித் திட்டம் ஆளுங்கட்சியின் பெருமை. தனியார் நுண்கடன் நிறுவனம் அதே குழுப் பெண்களைத் தேடி வந்தபோது, அரசு ஒழுங்குபடுத்துபவராக மட்டும் இருக்கவில்லை, போட்டியாளராகவும் இருந்தது. தனியார் கடன் முடங்கிய மறுஆண்டே, 2011இல், ‘ஸ்த்ரீ நிதி’ என்னும் அரசு ஆதரவுக் கடன் கூட்டுறவு பிறந்தது தற்செயல் அன்று. அது நல்ல நிறுவனமாகவே இருக்கலாம். ஆனால் 2010இல் பேசிய இரு குரல்களும் கடன் கொடுப்போரின் குரல்கள் என்பதை அது காட்டுகிறது.

மூன்றாவது இருக்கை. 2010 அக்டோபர் நடுவில், ஒரே வாரத்தில், இரண்டு ஆவணங்களின் பயணம் தொடங்கிற்று. ஐதராபாத்தில் அவசரச் சட்டம் பிறந்தது: ஒவ்வொரு நிறுவனமும் மாவட்டந்தோறும் பதிவு செய்துகொள்ள வேண்டும், கடனாளியின் வீட்டு வாசலில் வசூலிக்கக் கூடாது, வாரத் தவணை கூடாது, மாதத் தவணையே வேண்டும், வட்டி அசலை மீறக் கூடாது. மும்பையில் ரிசர்வ் வங்கியின் மத்திய இயக்குநர் குழு, ஒய். எச். மாலேகம் தலைமையில் ஒரு துணைக்குழுவை அமைத்தது. அவசரச் சட்டம் டிசம்பரில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அப்போது முதலமைச்சர், மேலே சொன்னபடி, சித்தூர் மாவட்டத்துக்காரர். மாலேகம் அறிக்கை 2011 ஜனவரியில் வந்தது.

இரண்டில் எது வென்றது? அறிக்கையிலேயே பதில் உண்டு. தன் பரிந்துரைகள் ஏற்கப்படுமானால் ஆந்திரச் சட்டத்தின் தேவை நிலைத்திராது என்னும் பொருள்பட அக்குழு எழுதிற்று. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு சட்டமன்றம் இயற்றிய சட்டம் தேவையற்றதாகும் எனச் சொல்லும் துணிவு ஒரு துணைக்குழுவுக்கு எங்கிருந்து வந்தது? இருக்கையிலிருந்து வந்தது. மாலேகம் மதிப்புக்குரிய கணக்காயர். குழு நேர்மையாகவே உழைத்தது. அதன் பரிந்துரைகள் பல கடனாளிக்கு நன்மை செய்தன. வட்டிக்கு 24 விழுக்காடு உச்சவரம்பு, ஒருவருக்கு இரண்டு நிறுவனங்களுக்கு மேல் கடன் கொடுக்கலாகாது என்னும் தடை ஆகியவற்றை அது முன்வைத்தது. ரிசர்வ் வங்கி 26 விழுக்காடு என மாற்றி அதை ஏற்றது. எனவே குறை தனிமனிதர்களிடம் இல்லை. மத்திய வங்கியின் இயக்குநர் குழுவிலிருந்து அமைக்கப்படும் ஒரு துணைக்குழுவில் கடனாளிக்கென ஒரு நாற்காலி இருக்க வாய்ப்பே இல்லை. அவர் சாட்சி சொல்ல அழைக்கப்படலாம், எழுத அழைக்கப்படமாட்டார்.

நான்காவது காலம். செல்வாக்கின் மிகக் குறைவாக ஆராயப்பட்ட ஊற்று இதுவே. நெருக்கடி நடக்கும்போது நாளிதழ், சட்டமன்றம், தெரு எல்லாம் கடனாளியின் பக்கம் நிற்கும். அந்தக் கூட்டம் கலைந்த பிறகும் மேசையில் எஞ்சியிருப்பவர் எவரோ, விதி அவருடையது. 1999இல் தொடங்கிய சா-தன், 2009இல் தொடங்கிய எம்ஃபின் ஆகிய சங்கங்களுக்கு முழுநேர ஊழியர் உண்டு, புள்ளிவிவரம் உண்டு, ஒவ்வொரு வரைவுக்கும் மறுமொழி எழுதும் ஆற்றல் உண்டு. 2014இல் எம்ஃபினையும் அடுத்த ஆண்டு சா-தனையும் சுயஒழுங்குமுறை அமைப்புகளாக ரிசர்வ் வங்கி அங்கீகரித்தது. 2015 செப்டம்பரில் சிறு நிதி வங்கி தொடங்கக் கொள்கையளவில் ஒப்புதல் பெற்ற பத்து நிறுவனங்களில் எட்டு, நுண்கடன் நிறுவனங்கள். 2021 ஜூனில் ஆலோசனை ஆவணம் வெளிவந்தது. 2022 மார்ச்சில் புதிய விதிகள் வந்தன. வட்டி உச்சவரம்பு நீக்கப்பட்டது. இரண்டு நிறுவனங்கள் என்னும் வரம்பும் நீக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதத்தில், ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டிலுள்ள வங்கிசாரா நிறுவனங்களுக்கு மாநிலக் கடன் கொடுப்போர் சட்டங்கள் பொருந்தா என நெடும்பிள்ளி ஃபைனான்ஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 பிப்ரவரியில் தெலங்கானா உயர்நீதிமன்றம் அவ்வழியில் ஆந்திர நுண்கடன் சட்டத்தின் பிடியிலிருந்தும் அந்நிறுவனங்களை விடுவித்தது. மாலேகம் அறிக்கை எழுதிய அந்த ஒரு வரி உண்மையாகப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. அத்தனை காலமும் காத்திருக்க ஒரு தரப்பால் முடிந்தது.

காத்திருக்க முடியாத தரப்புக்கு என்ன நேர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அவசரச் சட்டத்துக்குப் பின் ஆந்திரத்தில் தவணை வசூல் ஏறத்தாழ நின்றுபோயிற்று. புதிய கடனும் நின்றது. நகரியில் விசைத்தறிக்கு நூல் வாங்க வேண்டியவரும், பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியவரும் பழைய கந்துவட்டிக்காரரிடமே திரும்பினர். மாநிலச் சட்டத்தைக் கடனாளியின் வெற்றி எனக் கொண்டாடுவோர் இதைச் சொல்வதில்லை. ரிசர்வ் வங்கியின் விதியை அறிவின் வெற்றி எனக் கொண்டாடுவோர் வேறொன்றைச் சொல்வதில்லை: நீக்கப்பட்ட வரம்பு வேறு வாசலால் திரும்பி வந்ததை. 2024இல் நுண்கடன் நிலுவைகள் மீண்டும் பெருகியபோது, ஒரு கடனாளிக்கு நான்கு நிறுவனங்களுக்கு மேல் கூடாது எனவும், பின்னர் மூன்றுக்கு மேல் கூடாது எனவும் எம்ஃபின் தன் உறுப்பினர்களுக்குத் தானே வரம்பு விதித்தது. 2011இல் அரசு விதியாக இருந்தது, 2022இல் தேவையற்றதாகி, 2024இல் சங்க விதியாகப் பிறந்தது. வரம்பு தேவை என்பதில் இப்போது எவருக்கும் ஐயமில்லை. அதை எழுதும் உரிமைதான் கைமாறியிருக்கிறது.

‘வங்கி ஒழுங்குமுறை நுட்பமான துறை, அதைத் தெருவில் வைத்துத் தீர்மானிக்க இயலாது’ என்னும் எதிர்வாதம் வலுவானது, அதைக் கேலி செய்து கடந்துவிடக் கூடாது. 2022 விதிகளில் நன்மைகள் உண்டு. வங்கி, சிறு நிதி வங்கி, வங்கிசாரா நிறுவனம் அனைத்துக்கும் ஒரே விதி வந்தது. ஒரு வகை நிறுவனத்துக்கு மட்டும் விதித்த வட்டி வரம்பு, மலிவாகப் பணம் திரட்டும் வங்கிகளுக்கும் அளவுகோலாகிவிட்டது என்று ரிசர்வ் வங்கி சொன்ன காரணத்தில் உண்மை உண்டு. மாதத் தவணைகளின் மொத்தம் குடும்பத்தின் மாத வருமானத்தில் 50 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது கொள்கையளவில் நல்ல விதி.

ஆனால் அந்த நல்ல விதியைச் சித்தூரில் பொருத்திப் பார்த்தால், நுட்ப அறிவு எவரிடம் இருக்கிறது என்பது விளங்கும். மாம்பழக் கூழ் ஆலைகளில் வேலை கோடையில் சில மாதங்கள் மட்டுமே. மாந்தோப்புக் கூலியும் அப்படியே. திருப்பதியில் பூ, பொம்மை, சிற்றுண்டி விற்பவரின் வருமானம் பக்தர் கூட்டத்தோடு ஏறி இறங்கும். 2020 மார்ச் பிற்பகுதியில் தரிசனம் நிறுத்தப்பட்டு ஜூன் வரை திறக்கப்படாதபோது அவ்வருமானம் முற்றாக நின்றது. இத்தகைய குடும்பத்தின் ‘மாத வருமானம்’ என்பது எது? ஆண்டு வருமானத்தைப் பன்னிரண்டால் வகுத்த எண் எந்த மாதத்திலும் அந்த வீட்டுக்குள் நுழைவதில்லை. எந்த மாதம் எவ்வளவு வரும், எந்தத் தவணை கழுத்தை நெரிக்கும், எந்தக் கடன் வேறொரு கடனை அடைக்க வாங்கப்பட்டது என்பதையெல்லாம் ஒரு மகளிர் குழுவின் தலைவி விரல்நுனியில் வைத்திருக்கிறார். அது உணர்ச்சிக் கூச்சல் அன்று. அது நுட்ப அறிவு. விதி எழுதும் மேசைக்கு அந்த அறிவு தேவைப்படுகிறது. அதை அங்கே கொண்டு சேர்க்கும் வழி மட்டும் இல்லை. 2021இன் ஆலோசனை ஆவணம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அதன் நடை நிதித்துறை நடை. கருத்துத் தெரிவிக்க ஏறத்தாழ ஆறு வாரம். தெலுங்கு பேசும் சித்தூருக்கும், தமிழ் பேசும் நகரிக்கும் சத்தியவேட்டுக்கும் அப்படியொரு ஆவணம் வந்ததே தெரிய வாய்ப்பில்லை.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய நோய் அன்று. வங்கி மேற்பார்வைக்கான பாசல் குழு 1974இல் மத்திய வங்கிகளின் குழுவாகத் தோன்றியது. 1983இல் பெருவங்கிகள் தமக்கென வாஷிங்டனில் ஒரு பன்னாட்டு நிதி நிறுவனச் சங்கத்தை அமைத்துக்கொண்டன. 2004இல் வந்த இரண்டாம் பாசல் உடன்பாட்டில், பெருவங்கிகள் தம் அபாயத்தைத் தம் சொந்த மாதிரிகளைக் கொண்டே அளந்து மூலதனத் தேவையைக் கணக்கிடலாம் என்னும் வழி இடம்பெற்றது. அளவுகோலைச் செய்பவரும் அளக்கப்படுபவரும் ஒருவரானால் என்ன நேரும் என்பதை 2008 காட்டியது. சித்தூரின் கதை அதன் சிற்றுரு. வேறுபாடு, சித்தூரில் இழப்பைச் சுமந்தவருக்கு மீட்புத் தொகுப்பு இல்லை என்பது மட்டுமே.

‘மீட்பு இல்லையா? கடன் தள்ளுபடி வந்ததே!’ எனச் சிலர் கேட்பர். ஆம், வந்தது. 2014 தேர்தலில் துவாக்ரா கடன் தள்ளுபடி வாக்குறுதியாயிற்று. 2019இல் ஆட்சி மாறியபின் ‘ஆசரா’ என்னும் பெயரில், அவ்வாண்டு ஏப்ரல் வரையிலான குழுக்கடன் நிலுவை நான்கு தவணைகளில் திருப்பித் தரப்பட்டது. கட்சிகள் மாறினும் முறை மாறவில்லை. பெண் வாக்காளர்களின் வலிமைக்கு இவை சான்று. அவ்வலிமையின் எல்லைக்கும் இவையே சான்று. தள்ளுபடி நிகழ்ந்த தீங்குக்குப் பின்னால் வருவது. விதி தீங்குக்கு முன்னால் வருவது. தள்ளுபடி கொடுத்தவரின் பெயரைத் தாங்கி வருகிறது. அடுத்த தேர்தலில் மீண்டும் கேட்டுப் பெற வேண்டும். விதி உரிமையாகிறது, எவர் ஆட்சியிலும் நிற்கிறது. நுண்கடன் நிறுவனங்கள் தள்ளுபடி கேட்டு ஊர்வலம் போவதில்லை. அவை வரையறையைக் கேட்கின்றன. வாக்காளராக வெல்லும் அதே பெண் கடனாளியாகத் தோற்பது இதனாலேயே. இன்று கர்நாடகமும் தமிழ்நாடும் 2025இல் இயற்றிய சட்டங்களும் இந்த எல்லைக்குள்ளேயே நிற்கின்றன. அவற்றின் தலைப்பே சொல்வதுபோல், அவற்றின் மையம் வலுக்கட்டாய நடவடிக்கைகளைத் தடுப்பது. தேவையான சட்டங்கள்தாம். ஆனால் மாநிலத்தின் கையில் எஞ்சியிருப்பது வசூலிக்கும் விதத்தைக் கண்டிக்கும் உரிமை. கடனின் விலையையும் அளவையும் பற்றிய பேச்சு மும்பையில் முடிந்துவிட்டது.

பழியில் ஒரு பங்கு ஆய்வுலகத்துக்கும் உரியது. நுண்கடன் பற்றித் தென்னிந்தியப் பல்கலைக்கழகங்களில் எழுதப்படும் ஆய்வேடுகளின் வழக்கமான வடிவம் எவருக்கும் தெரியும்: ஒரு மாவட்டம், சில நூறு பயனாளிகள், ஒரு வினாப்பட்டியல், பெண் அதிகாரம் பெற்றாரா என ஐந்து படிகளில் ஒரு மதிப்பீடு. கடனாளியை நோக்கிக் கேள்வி கேட்க ஆயிரம் ஆய்வாளர்; விதியை எழுதிய கோப்பை நோக்கிக் கேள்வி கேட்க ஒருவரைத் தேட வேண்டியிருக்கிறது. எந்த வரைவுக்கு எவர் மறுமொழி அனுப்பினர், எந்தச் சொல் எந்தக் கட்டத்தில் மாறிற்று, எவருடைய தரவு அடிக்குறிப்பில் இடம்பெற்றது என்பனவே செல்வாக்கின் தடயங்கள். தகவல் உரிமைச் சட்டம் கையிலிருந்தும் அவற்றைத் தேடாத ஆய்வுலகம், கடனாளியைச் சாட்சியாக மட்டும் வைத்திருக்கும் அமைப்புக்குத் துணை போகிறது.

செய்யத்தக்கவை கடினமானவை அல்ல. 2025 மே 7ஆம் நாள், சப்தகிரி வங்கி மறைந்து ஆறு நாட்களில், விதிகளை உருவாக்கும் முறைக்கான ஒரு சட்டகத்தை ரிசர்வ் வங்கியே வெளியிட்டது. வரைவு விதிகளைப் பொதுவெளியில் வைக்க வேண்டும், கருத்துச் சொல்லக் குறைந்தது 21 நாள் தர வேண்டும், இயன்றவரை தாக்கத்தை ஆராய வேண்டும் என்கிறது அது. வரவேற்கத்தக்க தொடக்கம். ஆனால் 21 நாள் என்பது முழுநேர ஊழியரைக் கொண்ட சங்கத்துக்கு நீண்ட காலம். மாதம் ஒருமுறை கூடும் மண்டல சமாக்கியாவுக்கு அது ஒரு கூட்டத்துக்கும் போதாது. எனவே சிறுகடனாளியைத் தொடும் எந்த வரைவும் அந்தந்த மாநில மொழியில் வெளிவர வேண்டும். அதற்கான காலம் 90 நாளாக வேண்டும். வந்த மறுமொழிகள் அனைத்தும், எவரிடமிருந்து வந்தன என்னும் விவரத்தோடு வெளியிடப்பட வேண்டும். கிராமிய வங்கிச் சட்டத்தின் 23ஏ பிரிவில் கலந்தாலோசிக்க வேண்டியோர் பட்டியலில் நான்காவதாக மகளிர் குழுக் கூட்டமைப்புகளும் விவசாயிகள் சங்கங்களும் சேர்க்கப்பட வேண்டும். தொழில்துறைச் சங்கத்துக்குச் சுயஒழுங்குமுறை அமைப்பு என்னும் தகுதி தரப்படுமானால், கடனாளிகளின் கூட்டமைப்புக்கும் அதற்கு இணையான, விதி எழுதுமுன் கேட்கப்படும் உரிமை தரப்பட வேண்டும்.

கூட்டமைப்பு இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. சித்தூரில் கிராமம் முதல் மாவட்டம் வரை அது கால் நூற்றாண்டாக நிற்கிறது. கடன் வசூலிக்கவும், அரசுத் திட்டங்களை அறிவிக்கவும், தேர்தல் காலத்தில் கூட்டம் சேர்க்கவும் அது பயன்படுத்தப்பட்டிருக்கிறது. ஒரு வரைவு விதியைப் படித்து மறுமொழி எழுத அதைப் பயன்படுத்தலாம் என எவருக்கும் தோன்றவில்லை. திருப்பதியில் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. பொருளியலும் சட்டமும் வணிகவியலும் பயிலும் மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களுள் பலர் குழுப் பெண்களின் பிள்ளைகள். ரிசர்வ் வங்கியின் அடுத்த வரைவு வெளியாகும் நாளில், அதைத் தெலுங்கிலும் தமிழிலும் ஆக்கி, மண்டல சமாக்கியாக் கூட்டத்தில் வாசித்து, அங்கே சொல்லப்படுவதை எழுதி, தலைவியின் கையொப்பத்தோடு மும்பைக்கு அனுப்ப அவர்களால் முடியும். அப்படி ஒரு கடிதம் போய்ச் சேர்ந்தால் விதி மாறிவிடும் என்பதற்கு உறுதி இல்லை. ஆனால் கேட்டோம், எவரும் மறுக்கவில்லை என்று அடுத்த முறை எவராலும் எழுத முடியாது.